கெர்னி தெரு 848: வாழ்ந்த ஆண்டுகளுக்குக் கணக்கில்லாத ஒரு வழக்கு

சான்ஃபிரான்சிஸ்கோவில் கெர்னி தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் முனையில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்றொரு மூன்று மாடிச் செங்கல் கட்டடம் இருந்தது. ஊரில் எல்லோரும் ஐ-ஹோட்டல் என்பார்கள். பெயர்தான் ஹோட்டல். மாத வாடகைக்கு ஓர் ஆள் மட்டும் தங்கக்கூடிய சின்னச் சின்ன அறைகள்தான் உள்ளே இருந்தன. கழிப்பறை, குளியலறை, சமையலறை எல்லாம் பொது. வாடகை மாதம் சுமார் 50 டாலர்.

1968ஆம் ஆண்டின் கடைசியில் இங்கே குடியிருந்த 196 பேருக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பெரும்பாலோர் பிலிப்பைன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து, வயதாகி, தனியாக வாழ்ந்த ஆண்கள். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், மிச்சமிருந்த சுமார் 50 பேரைப் போலீஸார் வெளியேற்றினார்கள். நடுவில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்.

வயதானவர்களை வாடகை வீட்டிலிருந்து கிளப்புவது எந்த நகரத்திலும் நடப்பதுதான். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். ஒரு கடிதம் வரும், மகனோ மகளோ வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போவார்கள், வீட்டுக்குப் புது வர்ணம் அடிப்பார்கள். ஐ-ஹோட்டலில் எல்லாமே வெளிச்சத்தில் நடந்தது. மேயர் இரக்கப்பட்டார். காலி செய்யும் ஆணையை நிறைவேற்ற ஷெரிஃப் மறுத்துப் பார்த்தார். தெருவில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். இத்தனை பேர் பக்கபலமாக இருந்தும் அந்த முதியவர்கள் தோற்றார்கள். ஏன் தோற்றார்கள் என்று பார்ப்பதற்காகவே இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் வென்ற ஒன்றும் இதில் உண்டு; வழக்குக் கணக்கில் அது வராததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

தனியாக ஆக்கப்பட்டவர்கள்

இந்த முதியவர்கள் ஏன் குடும்பம் இல்லாமல், சொந்த வீடு இல்லாமல், எழுபது வயதில் ஓர் அறையில் இருந்தார்கள்? இதைக் கேட்காமல் வழக்குக்குள் போனால் ஏதோ சோம்பிக் கிடந்த தனிக்கட்டைகளின் கதை போல ஆகிவிடும்.

1898இல் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனது. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவில்லை. ஆனால் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டவர்கள் என்பதால் கப்பலேறி வரத் தடையும் இல்லை. 1920களிலும் 30களிலும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் பக்கம் அஸ்பாரகஸ் வெட்டினார்கள், சலினாஸில் லெட்டூஸ், டெலானோவில் திராட்சை. கோடை வந்தால் அலாஸ்காவில் சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள். நகரத்தில் கிடைத்தது ஹோட்டல்களில் எச்சில் தட்டு எடுக்கும் வேலையும் பணக்காரர் வீட்டு வேலையும். பருவம் மாறினால் ஊர் மாற வேண்டும். அப்படி அலைந்தவர்கள் இடைப்பட்ட மாதங்களில் வந்து தங்கியது கெர்னி தெருவின் மலிவான அறைகளில்.

வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. 1930 வாக்கில் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 14 பிலிப்பினோ ஆண்களுக்கு ஒரு பிலிப்பினோப் பெண் என்ற நிலை. அப்படியானால் வேறு இனத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. வெள்ளையரை மங்கோலிய இனத்தவர் மணக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. பிலிப்பினோ அந்த வகையில் சேரமாட்டார் என்று 1933இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் ‘மலாய் இனம்’ என்ற சொல்லையும் சட்டத்தில் சேர்த்து அந்த வாசலை அடைத்தது. 1948இல்தான் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைத் தூக்கியெறிந்தது. இருபது வயதில் வந்தவருக்கு அதற்குள் நாற்பதைத் தாண்டியிருக்கும்.

இன்னும் இருக்கிறது. 1930 ஜனவரியில் வாட்சன்வில் ஊரில் வெள்ளைக்காரக் கும்பல் பிலிப்பினோத் தொழிலாளிகளை நாள் கணக்கில் அடித்து விரட்டியது. ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1934இல் வந்த சட்டம் பிலிப்பைன்ஸிலிருந்து ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே வரலாம் என்றது. குடியுரிமை வாங்கும் வழி பெரும்பாலோருக்கு 1946இல்தான் திறந்தது. ஆக, எங்கே வேலை, யாரைக் கட்டலாம், யாரை அழைத்து வரலாம் என்று ஒவ்வொன்றையும் சட்டம் முடிவு செய்தது. அதன் விளைவாகத் தனியாக நின்றவர்களைத்தான் 1968இல் அதே சட்டத்தின் துணையோடு அறையையும் விடச் சொன்னார்கள்.

இவர்களை மனோங் என்பார்கள். அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிடும், பிலிப்பைன்ஸின் இலோக்கானோ மொழி வழக்கு அது. கையறு நிலையில் இருந்த கிழவர்கள் என்று இவர்களை நினைக்கத் தேவையில்லை. 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவில் தொடங்கிய பெரிய திராட்சை வேலைநிறுத்தத்தை முதலில் ஆரம்பித்தவர்கள் லேரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளிகள். ஐ-ஹோட்டலில் இருந்தவர்கள் அந்தத் தலைமுறை. கூட்டம் போடவும், கோரிக்கை எழுதவும், முதலாளி முன்னால் நிற்கவும் தெரிந்தவர்கள்.

ஒரு நடை தூரத்தில் இருந்தவை

கெர்னி தெருவை ஒட்டிப் பத்து பிளாக் (இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு பிளாக்) அளவுக்கு நீண்ட பகுதியை மணிலாடவுன் என்றார்கள். முடிதிருத்தும் கடை, பில்லியர்ட்ஸ் கூடம், பிலிப்பினோச் சாப்பாட்டுக் கடை எல்லாம் ஐ-ஹோட்டலின் தரைத்தளத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்தன. ஒரு பிளாக் நடந்தால் போர்ட்ஸ்மவுத் சதுக்கம். உட்கார்ந்து பேச பெஞ்சுகள். மேலே ஏறினால் சைனாடவுன். காய்கறியும் மீனும் மலிவு.

எழுபது வயதுக்காரருக்கு இந்தச் சுற்றளவுதான் வீடு. அறை என்பது இரவு படுப்பதற்கு. யாரிடம் கடன் சொல்லிச் சாப்பிடலாம், எந்தக் கடைக்காரருக்குத் தன் மொழி புரியும், காலையில் கீழே இறங்கி வராவிட்டால் யார் கதவைத் தட்டுவார்கள், ஊருக்கு எழுதும் கடிதத்தை யாரிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடெல்லாம் இருபது முப்பது ஆண்டுகளில் மெதுவாக அமைந்தது. மறுகுடியமர்த்தும் அதிகாரியின் படிவத்தில் அறையின் அளவுக்கும் வாடகைக்கும்தான் கட்டம் இருக்கும். நகரத்தின் வேறொரு மூலையில் அதே அளவில், அதே வாடகையில் ஓர் அறையைக் காட்டிவிட்டால் படிவத்தின்படி இழப்பு ஒன்றுமில்லை. இந்த வழக்கு முழுவதும் இரண்டு தரப்பும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசியது இதனால்தான்.

அந்தச் சுற்றளவு ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்தது. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த நிதிப் பகுதி தெற்கிலிருந்து மேலேறி வந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கோபுரம் 1969இல் முடிந்தது. ஐ-ஹோட்டலிலிருந்து சில பிளாக் தள்ளி டிரான்ஸ்அமெரிக்கா பிரமிட் 1972இல் எழுந்துவிட்டது. மணிலாடவுனின் மற்ற விடுதிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக நின்றது இந்தக் கட்டடம்.

முதல் உரிமையாளர், ஒரு தீ, ஒரு குத்தகை

1968இல் ரியல் எஸ்டேட் அதிபர் வால்டர் ஷோரன்ஸ்டைனின் மில்டன் மேயர் நிறுவனம் கட்டடத்தை வாங்கியது. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் அமைப்பது திட்டம். நோட்டீஸ் வந்ததும் குடியிருந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஐக்கிய பிலிப்பினோ சங்கம் என்ற அமைப்பு முன்னால் வந்து பேச்சுவார்த்தை நடத்தி, கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே நடத்த ஓர் உடன்பாட்டை எட்டியது.

கையெழுத்தாக வேண்டிய வேளையில், 1969 மார்ச் 16 அன்று, கட்டடத்தில் தீப்பிடித்தது. வடக்குப் பகுதி எரிந்தது. குடியிருந்தவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். யாரோ வைத்த தீ என்றே குடியிருந்தவர்கள் சந்தேகித்தார்கள், நிரூபணம் ஆகவில்லை. தீயைக் காரணம் காட்டி உரிமையாளர் தரப்பு குத்தகையிலிருந்து பின்வாங்கியது. மறுபடி போராட்டம், மறுபடி பேச்சு. அதே ஆண்டின் நடுவில் மூன்று ஆண்டுக் குத்தகை கிடைத்தது.

இந்தக் கட்டத்தில்தான் மாணவர்கள் வந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்தின் பலனாக சிறுபான்மை இனங்களின் வரலாற்றைச் சொல்லித்தரும் இனவியல் பாடங்களுக்குத் தனிக் கல்லூரி பிறந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் அதே அலை. பெற்றோர் சொல்லாத வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த வரலாறே உயிரோடு கெர்னி தெருவில் உட்கார்ந்திருந்தது. எரிந்த சுவர்களைச் சுரண்டினார்கள், வர்ணம் அடித்தார்கள், குழாய்களைச் சரி செய்தார்கள். பெர்க்லி மாணவராக இருந்த எமில் டி குஸ்மன் பின்னாளில் ஐ-ஹோட்டலில் குடியிருந்தவர்களின் வாடகைதாரர் சங்கத்துக்குத் தலைவராகவே ஆனார். தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த கடைகளில் புத்தகக் கடை, ஆசியச் சமூக மையம், கெர்னி தெருப் பட்டறை என்ற கலைஞர் கூடம் என்று ஒவ்வொன்றாக முளைத்தன.

இவர்கள் வந்ததால் முதியவர்களுக்குத் துணை கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாலை நேரத்தில் கதை கேட்க ஆள் இருந்தது, மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இருந்தது. அதே சமயம் ஒரு சிக்கலும் வந்தது. ஆதரவு அமைப்புகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசியல் நிலைப்பாடு. எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற சண்டை பின்னாளில் முதியவர்களின் கூட்டங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

நீதிமன்றம் கேட்ட ஒரே கேள்வி

1973இல் கட்டடம் கைமாறியது. தாய்லாந்துத் தொழிலதிபர் சுபாசித் மஹகுனாவின் ஃபோர் சீஸ் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. குத்தகைக் காலம் அதற்கு முன்பே முடிந்து, குடியிருந்தவர்கள் மறுபடி மாத வாடகைதாரர்கள் ஆகியிருந்தார்கள். 1974இல் புது உரிமையாளரிடமிருந்து காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வழக்கு சான்ஃபிரான்சிஸ்கோ மேல்நிலை நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முடிவு இங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

அன்றைய கலிபோர்னியாச் சட்டப்படி, மாத வாடகைக்கு இருப்பவரைக் காரணமே சொல்லாமல் 30 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். போன மாதம் குடிவந்தவருக்கும் 30 நாள். 1940களிலிருந்து அதே அறையில் இருப்பவருக்கும் 30 நாள். முப்பது ஆண்டு வாடகையைத் தவறாமல் கொடுத்திருந்தாலும் அந்த முப்பது ஆண்டு ஒரு நாளைக்கூட அதிகமாக வாங்கித் தராது.

வாடகைதாரருக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அப்போதுதான் இரண்டு கேடயங்கள் புதிதாக வந்திருந்தன. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கி வெளியேற்றக் கூடாது என்று 1970இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. வாடகைக்கு விடும் வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாடகை கேட்கும் உரிமை குறையும் என்று 1974இல் சொன்னது. அந்த இரண்டாவது வழக்கு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்தே போனது. இரண்டும் பெரிய தீர்ப்புகள். ஆனால் இரண்டுமே உரிமையாளர் ஒழுங்காக நடந்துகொள்கிறாரா என்று பார்ப்பவை. “எனக்கு வாடகைத் தொழிலே வேண்டாம், இடிக்கப் போகிறேன்” என்று சொல்கிற உரிமையாளருக்கு முன்னால் இரண்டும் செல்லாது. பழுது பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இருக்க விடு என்று கேட்கச் சட்டத்தில் இடம் கிடையாது.

ஆகவே நீதிபதியின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: கட்டடம் யாருடையது? பத்திரம் ஃபோர் சீஸ் பெயரில் இருந்தது. 1976இல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. நீதிபதி ஐரா பிரவுன் கல்நெஞ்சக்காரர் என்று அன்றைய போராட்டக்காரர்கள் கொதித்தார்கள். அவர் இடத்தில் இளகிய மனம் கொண்டவர் இருந்திருந்தாலும் தீர்ப்பு பெரிதாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த சட்டத்தில் வயதுக்கு இடமில்லை, வாழ்ந்த காலத்துக்கு இடமில்லை, போக இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கும் இடமில்லை.

மேயரின் திட்டம்

1976 ஜனவரியில் பதவியேற்ற மேயர் ஜார்ஜ் மொஸ்கோனி ஒரு வழி சொன்னார். நகர வீட்டுவசதி ஆணையம் பொது நோக்கத்துக்காகக் கட்டடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும். மத்திய அரசின் சமூக மேம்பாட்டு நிதியிலிருந்து 13 லட்சம் டாலர். பிறகு வாடகைதாரர் சங்கம் அந்தத் தொகையைத் திரட்டி ஆணையத்திடமிருந்து கட்டடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் பாதி நல்ல யோசனை. இரண்டாம் பாதியைப் பார்த்து முதியவர்கள் திகைத்தார்கள். மாதம் 50 டாலர் வாடகை கொடுப்பவர்கள், சொற்ப ஓய்வுத்தொகையில் காலம் தள்ளுபவர்கள், 13 லட்சம் டாலருக்கு எங்கே போவார்கள்? பொது வீட்டுவசதியாக நகரமே வைத்துக்கொள்ளட்டுமே என்றார்கள் ஒரு சாரார். இதை மறுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, முதலில் கட்டடம் நகரத்தின் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் இன்னொரு சாரார். சங்கத்துக்குள்ளும் ஆதரவு அமைப்புகளுக்குள்ளும் பிளவு விழுந்தது. கடைசியில் விவாதத்துக்கே அவசியம் இல்லாமல் போனது: 1977இல் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ஏற்கவில்லை.

மொஸ்கோனியின் அக்கறை உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் ஏழை முதியவர்களைக் காப்பாற்றும் செலவை அந்த ஏழை முதியவர்களே திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த அக்கறை அது. அதே பத்தாண்டுகளில் நிதிப் பகுதியின் கோபுரங்களுக்காக நகரம் சாலையும் வடிகாலும் போக்குவரத்தும் அமைத்துக் கொடுத்தபோது இப்படி ஒரு நிபந்தனையை யாரும் பேசவில்லை.

ஷெரிஃப்

அமெரிக்காவில் காலி செய்யும் ஆணையை நிறைவேற்றுவது ஷெரிஃபின் வேலை. ரிச்சர்ட் ஹோங்கிஸ்டோ சீர்திருத்தக்காரர் என்ற பெயரோடு தேர்தலில் வென்று வந்தவர். ஆணை கையில் வந்ததும் நிறைவேற்ற மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சாட்டப்பட்டு, 1977 வசந்தத்தில் ஐந்து நாள் சிறையில் இருந்தார்.

அதற்கு முன்பே, ஜனவரியில், வெளியேற்றம் நடக்கப் போகிறது என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் கட்டடத்தைச் சுற்றிச் சங்கிலியாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும் பகுதி ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற மதச் சபையிலிருந்து வந்தது. ஜோன்ஸ் அப்போது வீட்டுவசதி ஆணையத்தில் இருந்தார். ஆகஸ்ட்டுக்குள் அவர் தென் அமெரிக்க நாடான கயானாவுக்குப் போய்விட்டார். அவர் கொண்டு வந்த கூட்டமும் அதோடு போயிற்று. எண்ணிக்கையை மட்டும் நம்பிப் போராடும் எவரும் இந்த ஒரு செய்தியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

இப்படித்தான் நோட்டீஸ், தடை உத்தரவு, தற்காலிக நிறுத்தம், மறுபடி நோட்டீஸ் என்று மாதங்கள் நகர்ந்தன. ஆதரவாளர்கள் தொலைபேசிச் சங்கிலி ஒன்றை வைத்திருந்தார்கள். ஒருவர் சிலரை அழைக்க, அவர்கள் ஒவ்வொருவரும் வேறு சிலரை அழைக்க, சற்று நேரத்தில் தெரு நிறைந்துவிடும். முதியவர்கள் பல இரவுகள் வெளியே கிளம்பும் உடையோடே படுத்தார்கள்.

ஆகஸ்ட் 3 இரவு அந்தச் சங்கிலி கடைசி முறையாக இயங்கியது. சுமார் 3,000 பேர் வந்தார்கள். நுழைவாயிலில் மெத்தைகளையும் மரச்சாமான்களையும் அடுக்கி அடைத்தார்கள். வெளியே வரிசை வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். உள்ளே தாழ்வாரங்களிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். எதிர்த்து அடிப்பதில்லை என்பது முன்பே முடிவு செய்தது. முதியவர்கள் தங்கள் அறைகளில் காத்திருந்தார்கள்.

அதிகாலை மூன்று மணி வாக்கில் சுமார் 400 போலீஸாரும் ஷெரிஃபின் ஆட்களும் வந்தார்கள். குதிரைப் படை கூட்டத்துக்குள் புகுந்தது. தடிகள் விழுந்தன. தீயணைப்பு வண்டியின் ஏணியை வைத்துக் கூரை மேல் ஏறி, மேலேயிருந்து உள்ளே இறங்கினார்கள். ஐந்து நாள் சிறையில் இருந்த அதே ஹோங்கிஸ்டோ சம்மட்டியால் அறைக் கதவுகளை உடைத்தார். அந்தப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவரைத் துரோகி என்று வசைபாடுவது எளிது. ஓர் அதிகாரி மறுப்பதால் சில மாதங்கள் கிடைக்கலாம் என்பதற்கும், அதற்கு மேல் கிடைக்காது என்பதற்கும் அவர் ஒருவரே சாட்சி.

காலைக்குள் முடிந்துவிட்டது. முதியவர்கள் ஒவ்வொருவராக, ஆதரவாளர்கள் கைத்தாங்கலாகப் பிடித்திருக்க, நடந்து வெளியே வந்தார்கள். சாமான்களை எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

என்ன போயிற்று, என்ன கிடைத்தது

வெளியே வந்தவர்கள் நகரத்தின் மற்ற மலிவு விடுதிகளுக்குச் சிதறிப் போனார்கள். ஒரே படிக்கட்டில் இருபது ஆண்டுகள் ஏறி இறங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப் பேருந்து பிடிக்க வேண்டியதாயிற்று. நவம்பரில், நகரமே கட்டடத்தை வாங்கலாமா என்று வாக்காளர்களிடம் ஆலோசனை வாக்கெடுப்பு நடந்தது, அதுவும் தோற்றது. 1979இல் கட்டடத்தை இடித்தார்கள்.

அதன்பின் நடந்தது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் விலை உயர்ந்த முனையில் வேலி போட்ட ஒரு பள்ளம் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. எண்பது வயது மனிதர்களை விடியற்காலையில் வெளியேற்றும் அளவுக்கு அவசரமாக இருந்த இடத்தில் ஒரு தலைமுறைக் காலம் எதுவும் எழவில்லை. அந்த மனிதர்கள் எல்லோரும் தங்கள் அறையிலேயே இருந்து, தங்கள் தெருவிலேயே முடிந்திருந்தால், உரிமையாளருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வந்திருக்காது. இந்த வழக்கில் எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான்.

சரி, அவர்கள் வென்றது என்ன என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். 1968இல் நோட்டீஸை ஏற்றுக்கொண்டு போயிருந்தால், 30 நாளில் எல்லாம் முடிந்திருக்கும். போராடியதால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடைத்தன. முப்பது வயதுக்காரருக்கு அது தள்ளிப்போட்ட தோல்வி. எழுபது வயதில் நோட்டீஸ் வாங்கியவருக்கு அது மிச்சமிருந்த வாழ்நாளின் பெரும் பகுதி. அந்த ஒன்பது ஆண்டுகளில் சிலர் இறந்தார்கள். இறந்தபோது தங்களுக்குத் தெரிந்த தெருவில், தெரிந்தவர்கள் நடுவில் இருந்தார்கள். முதிய வாடகைதாரரின் வழக்கில் காலதாமதத்தை வக்கீலின் தந்திரமாக மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அவருக்கு நிவாரணமே அந்தக் காலம்தான்.

வெளியிலும் மாற்றங்கள் வந்தன. ஐ-ஹோட்டல் இடிந்த அதே 1979இல் சான்ஃபிரான்சிஸ்கோ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. இனி காரணம் சொல்லாமல் வெளியேற்ற முடியாது. சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஒற்றை அறை விடுதிகளை இடிப்பதற்கும் சுற்றுலா ஹோட்டலாக மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. 1998இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட திருத்தம் இன்னும் நேரடியாகப் பேசியது: 60 வயது தாண்டி, 10 ஆண்டுகள் அதே வீட்டில் இருந்தவரை, உரிமையாளர் தான் குடிவரப் போவதாகச் சொல்லி வெளியேற்றுவது பெரும்பாலும் முடியாது. நீதிபதி பிரவுனிடம் இல்லாத இரண்டு எண்கள், வயதும் வாழ்ந்த ஆண்டுகளும், கடைசியில் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

ஆனால் மாநிலம் இன்னொரு கதவைத் திறந்துவைத்தது. சான்டா மோனிகா நகரம் ஓர் உரிமையாளருக்கு இடிக்கும் அனுமதியை மறுத்ததைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984இல் ஏற்றுக்கொண்டது. ஐ-ஹோட்டலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதிகாரம் அது. மறு ஆண்டே சட்டமன்றம் எல்லிஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது: வாடகைத் தொழிலை விட்டு முழுவதுமாக விலக விரும்பும் உரிமையாளரை எந்த நகரமும் தடுக்க முடியாது. சான்ஃபிரான்சிஸ்கோவின் பழைய ஒற்றை அறை விடுதிகளுக்குப் பின்னாளில் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கெர்னி தெருப் பள்ளத்தில், கத்தோலிக்க மறைமாவட்டமும் சைனாடவுன் சமூக மேம்பாட்டு மையமும் மத்திய அரசின் நிதியும் சேர்ந்து, 2005இல் 104 வீடுகள் கொண்ட முதியோர் குடியிருப்பைத் திறந்தன. பெயர் மறுபடி இன்டர்நேஷனல் ஹோட்டல். தரைத்தளத்தில் மணிலாடவுன் மையம். பழைய குடியிருப்பாளர்களுக்கு முன்னுரிமை வைத்திருந்தார்கள். 1977இல் எழுபதைத் தாண்டியிருந்தவர்கள் 2005இல் வந்து சாவி வாங்குவது எப்படி? மீதி வீடுகள் குலுக்கலில் வேறு முதியவர்களுக்குப் போயின. அவர்களுக்கும் அது பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

எல்லிஸ் சட்டப்படி நோட்டீஸ் வாங்கும் 62 வயது தாண்டிய வாடகைதாரர், அந்த வீட்டில் ஓராண்டாவது இருந்திருந்தால், இன்று ஓராண்டு அவகாசம் கேட்டுப் பெறலாம். இடம் மாறும் செலவுக்கு உரிமையாளர் பணம் கொடுக்க வேண்டும் என்று நகரச் சட்டம் சொல்கிறது. முதியவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கச் சொல்கிறது. அதே பேட்டையில், அவர் நடந்து போகும் தூரத்துக்குள் ஓர் அறை கிடைக்கச் செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் இரண்டு சட்டங்களும் சொல்லவில்லை.